கைக்குட்டையும் காற்சிலம்பும்

(ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகம் பற்றிய ஒரு சிறு ஆய்வு)

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

‘பொறாமை’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதன் பொருள் தானே விளங்கும். பொறுக்காமையே பொறாமை. பிறருக்கு வந்த நன்மையைப் பொறுத்துக்கொள்ள மாட்டாத மனம் எதுவோ, அதுவே பொறாமை பிடித்த மனம். வள்ளுவப் பெருந்தகை இதற்கு ‘அழுக்காறு’ என்று பெயரிட்டு, திருக்குறளின் 17ஆம் அதிகாரத்தை இதற்கென்றே ஒதுக்கினார். 18ஆம் அதிகாரம் ‘வெஃகாமை’. அதாவது பிறர் பொருளை விரும்பாமை. 19ஆம் அதிகாரம் ‘புறங்கூறாமை’. தோழியரே, இந்த வரிசையைச் சற்றே கவனியுங்கள். முதலில் பிறர் உயர்வைக் கண்டு மனம் புழுங்குகிறது. பின்பு அந்த உயர்வைத் தனக்கே ஆக்கிக்கொள்ள விரும்புகிறது. அதன்பின் அவரைப் பற்றிப் புறம் பேசத் தொடங்குகிறது. வள்ளுவர் ஒன்றன்பின் ஒன்றாக வைத்த இந்த மூன்று படிகளிலும் இறங்கிச் சென்ற ஒருவனை ஆங்கில நாடக மேடையிலே நாம் காணலாம். அவன் பெயர் இயாகோ. அவன் தோன்றும் நாடகம் ‘ஒதெல்லோ’.

நாடகம் பிறந்த வரலாறு

வில்லியம் ஷேக்ஸ்பியர் (1564–1616) எழுதிய அவலச்சுவை நாடகங்களில் மிகச் சிறந்த நான்கனுள் ஒன்று ‘ஒதெல்லோ’ என்பர் அறிஞர். 1604ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இலண்டன் வைட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் முன்னிலையில் இந்நாடகம் நடிக்கப்பெற்றதற்குக் குறிப்பு உள்ளது. கதையின் கருவை ஷேக்ஸ்பியர் தாமாகக் கற்பிக்கவில்லை. சிந்தியோ என்ற இத்தாலிய ஆசிரியர் 1565இல் வெளியிட்ட கதைத் தொகுதியிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். ஆனால் எடுத்ததை அப்படியே வைக்கவில்லை. அவர் செய்த மாற்றம் ஒன்றைப் பின்னர்க் கூறுவேன்.

தமிழகத்துக்கும் இந்த நாடகம் புதியதன்று. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ என்றும், ‘மாக்பெத்’தை ‘மகபதி’ என்றும், ‘வெனிஸ் நகர வணிகன்’ கதையை ‘வாணீபுர வணிகன்’ என்றும் தமிழ் மேடைக்குக் கொண்டு வந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ என்ற நாவலால் புகழ்பெற்ற அ. மாதவையா (1872–1925), ஒதெல்லோவைத் தழுவி ‘உதயலன்’ என்ற நாடகத்தை எழுதினார். அவர் படித்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அந்நாளில் நமக்கு அருகில் ஜார்ஜ் டவுன் பகுதியில்தான் இருந்தது. 1937இல்தான் அது தாம்பரத்துக்குச் சென்றது. 1963இல் வெளிவந்த ‘இரத்தத் திலகம்’ என்ற திரைப்படத்தில், கல்லூரி நாடகக் காட்சி ஒன்றில் சிவாஜி கணேசன் ஒதெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் ஆங்கிலத்திலேயே நடித்தனர். நம் பாட்டிமாரில் பலர் இந்தக் கதையை முதன்முதல் கண்டது அந்தக் காட்சியில்தான் என்றால் மிகையாகாது.

கதைச் சுருக்கம்

வெனிஸ் ஒரு துறைமுக நகரம். வணிகத்தாலும் கப்பற்படையாலும் செழித்த குடியரசு. அதன் படைத்தலைவன் ஒதெல்லோ. அவன் அந்நாட்டவன் அல்லன். கருநிற மூர் இனத்தவன். வீரத்தால் உயர்ந்தவன். நகரப் பெருமகனான பிராபன்ஷியோவின் மகள் டெஸ்டிமோனா, அவன் பட்ட துன்பங்களையும் செய்த பயணங்களையும் கேட்டு மனமிரங்கி, தந்தைக்குத் தெரியாமல் அவனை மணக்கிறாள். தந்தை ஆட்சிமன்றத்தில் முறையிடுகிறார். அங்கே டெஸ்டிமோனா எல்லார் முன்னிலையிலும் வந்து, தான் விரும்பியே மணந்ததாகத் தெளிவாகக் கூறுகிறாள். வழக்கு முடிகிறது. ஆனால் தந்தை போகும்போது, பெற்றவனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றக் கூடும் என்ற கருத்துப்பட ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போகிறார். அந்தச் சொல்லை அருகில் நின்ற இயாகோ பொறுக்கி வைத்துக்கொள்கிறான்.

துருக்கியர் படையெடுப்பைத் தடுக்க ஒதெல்லோ சைப்ரஸ் தீவுக்கு அனுப்பப்படுகிறான். இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் பெரும்புயல் வீசுகிறது. சைப்ரஸ் கரையில் மக்கள் கூடி நின்று, எந்தப் பாய்மரம் தெரிகிறது, எது தெரியவில்லை என்று கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் காட்சியை உரையாசிரியர் உதவியின்றி நாம் புரிந்துகொள்ளலாம். புயல் எச்சரிக்கை வந்த நாளில் காசிமேட்டிலும், திருவொற்றியூர்க் குப்பங்களிலும், எண்ணூர் முகத்துவாரத்திலும் போன படகு திரும்பவில்லையென்றால் கரை எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். நாடகத்தில் புயல் துருக்கியரின் கப்பல்களைச் சிதறடிக்கிறது. ஒதெல்லோவும் டெஸ்டிமோனாவும் நலமாகக் கரை சேருகிறார்கள். கடலின் புயலிலிருந்து தப்பியவர்கள், கரையில் ஒரு மனிதனின் நாவினால் மூழ்கிப் போகிறார்கள். இதுவே இந்நாடகத்தின் அவலம்.

இயாகோ ஒதெல்லோவின் கொடி தாங்கும் அதிகாரி. தனக்குக் கிடைக்க வேண்டும் என்று எண்ணியிருந்த துணைத்தளபதிப் பதவி கேஷியோ என்ற இளைஞனுக்குக் கிடைத்துவிட்டது. இதுவே அவனுடைய அழுக்காற்றின் முதல் வித்து. தன் மனைவியையும் ஒதெல்லோவையும் பற்றித் தனக்கு ஒரு சந்தேகம் உண்டு என்றும் அவன் தனிமொழியில் கூறுகிறான். ஆனால் அதற்கு ஆதாரம் ஒன்றும் நாடகத்தில் இல்லை. பொறாமைக்காரனுக்கு ஒரு காரணம் போதாது, இரண்டாவதையும் தேடிக்கொள்கிறான்.

கேஷியோவுக்கு மது கொடுத்துக் கலகம் மூட்டி, அவன் பதவியை இழக்கச் செய்கிறான் இயாகோ. பிறகு அவனிடமே நண்பனைப் போல வந்து, டெஸ்டிமோனாவிடம் சென்று பரிந்து பேசச் சொல் என்று யோசனை கூறுகிறான். இரக்கமுள்ள டெஸ்டிமோனா அவ்விதமே கேஷியோவுக்காகக் கணவனிடம் மன்றாடுகிறாள். அவள் மன்றாட மன்றாட, ஒதெல்லோவின் மனத்தில் ஐயம் வளருகிறது. இயாகோவின் சூழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது இதுதான். அவன் பிறருடைய தீய குணங்களை நம்பி வலை விரிக்கவில்லை. டெஸ்டிமோனாவின் இரக்கமும், கேஷியோவின் பணிவும், ஒதெல்லோவின் வெள்ளை மனமுமே அவனுக்குக் கயிறாயின.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் பழமொழி. ஒதெல்லோவின் வீழ்ச்சியை இந்தப் பழமொழியைக் கொண்டே அளந்து பார்க்கலாம்.

காதால் கேட்டது

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியே நாடகத்தின் உயிர்நாடி. கேஷியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு, ஒதெல்லோ வருவதைக் கண்டு வெட்கத்தால் விலகிச் செல்கிறான். இயாகோ தனக்குத்தானே பேசுவது போல, இது எனக்குப் பிடிக்கவில்லை என்று முணுமுணுக்கிறான். ஒதெல்லோ என்னவென்று கேட்கிறான். ஒன்றுமில்லை என்கிறான் இயாகோ. அவ்வளவுதான்! தீ வைத்தாகிவிட்டது.

அதன்பின் ஒதெல்லோ எதைக் கேட்டாலும், அந்தக் கேள்வியின் கடைசிச் சொல்லையே எதிரொலி போலத் திருப்பிச் சொல்கிறான். மனத்தில் ஏதோ இருப்பது போலவும், நட்பின் காரணமாக அதை அடக்கிக்கொள்வது போலவும் நடிக்கிறான். கேஷியோ நல்லவன்தான் என்கிறான். பொறாமைக்கு இடம் கொடுக்காதீர்கள் என்று ஒதெல்லோவுக்கே புத்தி கூறுகிறான்! விஷத்தை ஊற்றிக்கொண்டே ‘விஷம் பொல்லாதது’ என்று எச்சரிப்பவனை யார் சந்தேகிப்பார்கள்? நாடகம் முழுவதும் ஒதெல்லோ அவனை ‘நேர்மையான இயாகோ’ என்றே அழைக்கிறான்.

இங்கே ஓர் உண்மை விளங்குகிறது. சூழ்ச்சிக்காரன் முழுப் பொய்யை முதலில் சொல்வதில்லை. பாதிச் சொல்லை விட்டுவிடுகிறான். மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். பிறர் சொன்னதை நாம் மறுக்கலாம். நாமே நிரப்பியதை மறுப்பது அரிது. ‘அவள் உன்னைப் பற்றி என்னவோ சொன்னாள்… சரி, வேண்டாம், விடு’ என்று வகுப்பறையில் ஒருத்தி கூறினால், கேட்டவளுக்கு அன்று பாடம் மனத்தில் ஏறுமா? அந்த ‘விடு’ என்ற சொல்தான் விடாமல் பிடித்துக்கொள்கிறது.

மேலும் ஒதெல்லோவின் புண் எங்கே இருக்கிறது என்று இயாகோ அறிவான். ஒதெல்லோ வேற்று நிறத்தவன், வேற்று நாட்டவன், வயதிலும் மூத்தவன். வெனிஸ் நகரப் பெண்களின் குணம் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்கிறான் இயாகோ. தந்தை எறிந்த பழைய சொல்லை இப்போது எடுத்துக் கொடுக்கிறான். நீ இவளுக்கு ஏற்றவன் அல்லன் என்று ஊர் முழுவதும் சொல்லக் கேட்ட ஒருவன், ஒருநாள் அதைத் தானும் நம்பிவிடுகிறான். வடசென்னையிலிருந்து வந்தவர்கள் என்ற ஒரே காரணத்தால் வேறிடங்களில் ஒரு மாதிரியாகப் பார்க்கப்பட்ட அனுபவம் நம்மில் சிலருக்கு உண்டு. ஆகவே ஒதெல்லோவை மூடன் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. பலமுறை தாழ்த்தப்பட்டவன் தன்மேல் அன்பு காட்டுபவரையும் நம்ப அஞ்சுகிறான். அந்த அச்சமே இயாகோ நுழைந்த வாசல்.

கண்ணால் கண்டது

ஆயினும் ஒதெல்லோ படைவீரன். கண்ணால் காணும் சாட்சி வேண்டும் என்று இயாகோவின் கழுத்தைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறான். அந்தச் சாட்சியாக வருவதுதான் ஒரு சிறு கைக்குட்டை. அது ஒதெல்லோ டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த முதற் பரிசு. கணவனுக்குத் தலைவலி என்று அறிந்து அவள் அதனால் அவன் நெற்றியைக் கட்ட முயல்கிறாள். அது சிறியதாக இருக்கிறது என்று அவன் தள்ள, கீழே விழுகிறது. அன்பினால் நீட்டப்பட்ட துணியே அவள் உயிருக்கு எமனாயிற்று.

அதைக் கண்டெடுத்தவள் இயாகோவின் மனைவியும் டெஸ்டிமோனாவின் தோழியுமான எமிலியா. அவள் அதைத் தன் கணவனிடம் கொடுக்கிறாள். அவன் அதைக் கேஷியோவின் அறையில் போட்டு வைக்கிறான். பூவேலைப்பாடு அழகாக இருக்கிறதே என்று கேஷியோ அதைப் பியங்கா என்பவளிடம் கொடுத்து, அதேபோல் ஒன்று தைத்துத் தரச் சொல்கிறான். பின்பு ஒருநாள் கேஷியோ பியங்காவைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறான். மறைவில் நிற்கும் ஒதெல்லோ அது தன் மனைவியைப் பற்றிய பேச்சு என்று எண்ணுகிறான். பியங்கா கைக்குட்டையைக் கொண்டுவந்து கேஷியோவின் முன் எறிகிறாள். ஒதெல்லோவின் கண் பொய் சொல்லவில்லை. அவன் கண்டது அவனுடைய கைக்குட்டையையே. ஆனால் அது அங்கே எப்படி வந்தது என்பதைக் கண் சொல்லாதே!

தீர விசாரிக்காதது

ஒதெல்லோ விசாரிக்கவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். விசாரித்தான். மனைவியிடம் கைக்குட்டை எங்கே என்று உறுமினான். அந்தக் கைக்குட்டைக்கு மந்திர சக்தி உண்டு, அதைத் தொலைத்தால் கேடு வரும் என்று பயமுறுத்தினான். அச்சத்தால் அவள், அது தொலையவில்லை என்று கூறிவிட்டாள். எமிலியாவையும் கேட்டான். தன் தலைவி மாசற்றவள் என்று அவள் ஆணையிட்டுச் சொன்னாள், அவன் நம்பவில்லை. தீர்ப்பை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பின்பு சாட்சிகளை அழைத்தால் அதற்கு விசாரணை என்று பெயராகாது. எல்லாரையும் விட முக்கியமாகக் கேட்க வேண்டியவன் கேஷியோ. ‘என் மனைவியின் கைக்குட்டை உன்னிடம் எப்படி வந்தது?’ என்ற ஒரு கேள்வியை ஒதெல்லோ கடைசிக் காட்சியில்தான் அவனிடம் கேட்கிறான். ‘என் அறையில் கிடந்தது’ என்ற விடை உடனே வருகிறது. ஆனால் அப்பொழுது டெஸ்டிமோனா உயிரோடு இல்லை.

இதைப் படிக்கும்போது தமிழ் மாணவியருக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. கண்ணகியின் காற்சிலம்பு ஒன்றை விற்கக் கோவலன் மதுரைக்கு வருகிறான். அரசியின் சிலம்பை முன்பே களவாடியிருந்த பொற்கொல்லன், பழியை இந்த அந்நியன் மேல் போட்டுவிட இதுவே தருணம் என்று அரண்மனைக்கு ஓடுகிறான். அங்கேயும் ஒரு பொறாமைதான் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆடல் மகளிரின் கூத்தை மன்னன் கண்டு மகிழ்ந்ததால் அரசி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து சென்றுவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த விரைந்துகொண்டிருந்த பாண்டியன், தீர விசாரியாமல், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வருக என்று கட்டளையிட்டுவிட்டான்.

அங்கே கைக்குட்டை, இங்கே காற்சிலம்பு. இரண்டும் பொய்யான பொருள்கள் அல்ல, உண்மைப் பொருள்களே. அவற்றைச் சுற்றிக் கட்டிய கதைதான் பொய். இரண்டிலும் பலியானவர் வேற்றூரில் தனித்து நின்றவர். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்ற ஒரு கேள்வி கோவலனைக் காத்திருக்கும். அந்தக் கேள்விக்கு விடையாகக் கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டியபோது காலம் கடந்துவிட்டது.

காலம் கடவாமல் கேள்வி கேட்கப்பட்ட கதை ஒன்றும் நமக்குத் தெரியும். விவிலியத்தில் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னா, முதியோர் இருவரின் பொய்ச் சாட்சியால் சாவுக்குத் தீர்ப்பிடப்படுகிறாள். இளைஞரான தானியேல் குறுக்கிட்டு, அந்த இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டீர்கள் என்று கேட்கிறார். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொல்லி அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி. ஓர் உயிர் பிழைத்தது.

எமிலியாவின் மௌனம்

பெரும்பாலும் இந்நாடகத்தைப் பற்றி எழுதுவோர் ஒதெல்லோவையும் இயாகோவையும் பற்றியே எழுதுவர். சார்லஸ் லாம்பும் மேரி லாம்பும் 1807இல் எழுதிய கதை நூலில் எமிலியாவுக்கு மிகச் சிறிய இடமே உண்டு. என் எண்ணமோ அவளைச் சுற்றியே வருகிறது.

முன்னே நான் குறிப்பிட்ட மாற்றம் இதுதான். சிந்தியோவின் கதையில் கைக்குட்டையைத் திருடுபவன் சூழ்ச்சிக்காரனே. அவன் மனைவிக்குச் சதி முழுவதும் தெரியும். கணவனுக்கு அஞ்சி வாய்திறவாமல் இருக்கிறாள். ஷேக்ஸ்பியர் கைக்குட்டையை அந்த மனைவியின் கையிலேயே கொடுத்துவிட்டார். சதியை மட்டும் அவளுக்குத் தெரியாமல் மறைத்தார். எமிலியா கெட்டவள் அல்லள். கணவன் பலமுறை கேட்டதால், அவனை மகிழ்விக்க எண்ணி அதைக் கொடுத்தாள். இது எதற்கு என்று கேட்டாள்; அவன் சொல்லவில்லை; அவளும் வற்புறுத்தவில்லை.

அடுத்த காட்சியில் டெஸ்டிமோனா, கைக்குட்டையை எங்கே தொலைத்தேனோ என்று வருந்துகிறாள். எனக்குத் தெரியாது என்கிறாள் எமிலியா. சற்று நேரத்தில் ஒதெல்லோ வந்து கைக்குட்டைக்காகக் கோபத்தால் கொதிக்கிறான். எமிலியா அருகிலேயே நிற்கிறாள். அப்பொழுதும் அவள் பேசவில்லை. ‘அம்மா, அதை நான் எடுத்தேன், என் கணவரிடம் கொடுத்தேன்.’ இவ்வளவு சொல்லியிருந்தால் இயாகோவின் கோட்டை அன்றே இடிந்திருக்கும். பின்பு நான்காம் அங்கத்தில், யாரோ ஒரு கயவன் பதவிக்கு ஆசைப்பட்டுத்தான் இந்தப் பழியைக் கட்டியிருக்கிறான் என்று அவளே சரியாகச் சொல்கிறாள். அந்தக் கயவன் தன் பக்கத்தில் நிற்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை!

கடைசிக் காட்சியில், குற்றமற்ற டெஸ்டிமோனா கணவன் கையாலேயே கொலையுண்ட பின், கைக்குட்டை என்ற சொல் எமிலியாவின் காதில் விழுகிறது. எல்லாம் விளங்கிவிடுகிறது. வாயை மூடு, வீட்டுக்குப் போ என்று இயாகோ கட்டளையிடுகிறான். கணவனுக்குக் கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்பொழுது முடியாது என்ற கருத்துப்படக் கூறி, அவள் உண்மை முழுவதையும் எல்லார் முன்னும் சொல்லிவிடுகிறாள். இயாகோவின் வாள் அவளைச் சாய்க்கிறது. தன் தலைவியின் அருகிலேயே தன்னைக் கிடத்தும்படி வேண்டிக்கொண்டு இறக்கிறாள். ஒதெல்லோ தன் பிழையை உணர்ந்து தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறான். நாடகம் முழுவதும் பேசிப் பேசியே கொன்ற இயாகோ, இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்கிறான். பேச வேண்டியபோது மௌனமாக இருந்தவள் இறுதியில் பேசுகிறாள். பேசிக்கொண்டே இருந்தவன் இறுதியில் மௌனமாகிறான். நாடக ஆசிரியர் இதை எவ்வளவு நுட்பமாக அமைத்திருக்கிறார் பாருங்கள்!

முடிவுரை

பெண்களுக்கு அடக்கம் அணிகலன் என்று நமக்கு எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். அது நல்லதே. ஆயினும் அடக்கம் வேறு. தெரிந்த உண்மையை மறைத்து வைப்பது வேறு. பொய்ச் சாட்சி சொல்லாதே என்பது கட்டளை. சொல்ல வேண்டிய சாட்சியைச் சொல்லாமல் விடுவதும் அதற்கு அருகில்தான் நிற்கிறது என்பதை எமிலியா நமக்குக் காட்டுகிறாள்.

இயாகோவைப் போன்ற முழுக் கொடியவரை நாம் அடிக்கடி காண்பதில்லை. ஆனால் எமிலியாவின் நிலையில் நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நிற்கிறோம். ஒருத்தியின் மேல் வீண்பழி வரும்போது, அதன் சிறு துண்டு ஒன்று நமக்குத் தெரிந்திருக்கும். நமக்கேன் வம்பு என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். இக்காலத்தில் கைக்குட்டையின் வேலையைக் கைப்பேசி செய்கிறது. யாரோ அனுப்பிய ஒரு வரியை, ஒரு படத்தை, எங்கிருந்து வந்தது என்று கேளாமல் அடுத்தவருக்கு அனுப்பும்போது, கீழே கிடந்த கைக்குட்டையை எடுத்து இயாகோவின் கையில் கொடுக்கிறோம்.

ஆகவே தோழியரே, பாதிச் சொல்லோடு யாராவது வந்தால் மீதியையும் சொல்லும்படி கேட்போம். யாரைப் பற்றிச் சொல்லப்பட்டதோ அவளிடமே நேரில் சென்று கேட்போம். நமக்குத் தெரிந்த உண்மை சிறியதாயினும் நேரத்தோடு சொல்லிவிடுவோம். கைக்குட்டை சிறியது, சிலம்பும் சிறியது. ஆனால் அவற்றைப் பற்றி நேரத்தில் பேசப்படாத சொற்களால், அங்கே ஒரு குடும்பம் அழிந்தது. இங்கே ஒரு நகரமே எரிந்தது.